காரணம் அறியாத கருமம்

விஞ்ஞானத்தின் பெறுமதியை அதன் உடனடிப் பயன்கொண்டே அளத்தல் வேண்டும் என்ற கருத்து அறிஞர் சிலரிடத்தும் ஆட்சியாளர் பலரிடத்தும் வேரூன்றியுள்ளது. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதே வினா. அஃது எவ்வாறு வேலை செய்கிறது என்பது ஓய்வுள்ளோர் ஆராய்ந்து மகிழவேண்டிய விடயம் என்பது இவர்தம் வாதம். ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் இடங்களில் இவ்வாதம் அடிக்கடி எழுகிறது. மருந்து வணிகமோ இதனைத் தன் வேதமாகவே கொண்டுள்ளது. நோயாளி மரணத்தை எதிர்நோக்கிக் கிடக்கையிற் காரணம் தேடிக்கொண்டிருத்தல் கருணையற்ற செயல் என்று, கேட்போர் உள்ளத்தைத் தொடும் வகையில் இவர்கள் பேசுவர். இக்கூற்றை எளிதிற் புறந்தள்ளல் இயலாது. எனினும் வரலாற்றைச் சான்றாக அழைத்து நோக்குமிடத்து, கருணையின் பெயரால் முன்வைக்கப்படும் இவ்வவசரம் நோயாளரின் நம்பிக்கையையும் காலத்தையுமே விழுங்கியுள்ளமை புலனாகும். புற்றுநோய்க்கு எதிராக உடலின் நிர்ப்பீடனத் தொகுதி எவ்வாறு விழிப்படைகிறது என்பதுபற்றிய ஆய்வு வரலாற்றினும் தெளிவான சான்று இதற்குக் கிடைத்தல் அரிது.

அவ்வரலாற்றுக்குள் நுழையுமுன் அதன் பொருளை விளங்கிக்கொள்ளல் வேண்டும். மனித உடலிற் கருவுள்ள கலம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2 மீற்றர் நீளமான டீ.என்.ஏ. சுருண்டு கிடக்கிறது. கருவும் இழைமணிகளுமே அதற்கு உரிய இடங்கள். அவற்றுக்கு வெளியே, குழியவுருவில், டீ.என்.ஏ. காணப்படுமாயின் ஏதோ தவறு நேர்ந்துள்ளது என்பதே பொருள். வைரசு ஒன்று புகுந்திருக்கலாம். அல்லது கலத்தின் சொந்த நிறமூர்த்தங்களே சிதைந்து வெளியே சிந்தியிருக்கலாம். இதனை உணர்வதற்கெனக் கலத்தினுள் ஒரு நொதியம் உளது. சீகாஸ் என்பது அதன் பெயர். அஃது இரட்டையிழை டீ.என்.ஏ.யைப் பற்றிக்கொண்டதும், கலத்தில் எப்பொழுதும் உள்ள ஏ.ரீ.பி., ஜீ.ரீ.பி. ஆகிய இரு மூலக்கூறுகளை இணைத்துச் சீகாம்ப் எனப்படும் வளைய வடிவான சிறு மூலக்கூறொன்றை ஆக்குகிறது. அச்சிறு மூலக்கூறு தூதாகச் சென்று, அகமுதலுருச் சிறுவலையில் அமைந்துள்ள ஸ்டிங் என்னும் புரதத்தைச் சேர்கிறது. இன்ரர்பெரோன் பரம்பரையலகுகளைத் தூண்டுவது என்னும் பொருளமைந்த ஆங்கிலத் தொடரின் சுருக்கமே ஸ்டிங் என்பது. பெயருக்கேற்ப அது வடிவம் மாறி, இடம்பெயர்ந்து, வேறு புரதங்களை ஏவ, இன்ரர்பெரோன் முதலான எச்சரிக்கைப் பொருட்கள் கலத்திலிருந்து வெளிப்படுகின்றன.

இவ்வேற்பாட்டின் நுட்பம் ஒன்றைக் கருத்தூன்றி நோக்குதல் வேண்டும். டீ.என்.ஏ.யில் எழுதப்பட்டுள்ள செய்தியைச் சீகாஸ் படிப்பதில்லை. வைரசினுடையதா, பற்றீரியாவினுடையதா, தன்னுடையதா என்று அது வினவுவதுமில்லை. இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறதா என்பதொன்றே அதன் வினா. புற்றுநோய்க் கலம் உடலின் சொந்தக் கலமே. அதனை அந்நியன் என்று இனங்காணல் நிர்ப்பீடனத் தொகுதிக்கு அரிதான செயல். ஆயின் ஒழுங்கின்றிப் பிரியும் புற்றுநோய்க் கலத்தில் நிறமூர்த்தங்கள் தவறிப்போய், சிறு கருக்களாகத் தனித்து நின்று, அவற்றின் மென்சவ்வு கிழிய டீ.என்.ஏ. குழியவுருவுக்குள் வெளிப்படுகிறது. சீகாஸ் அங்கே சென்று பற்றுகின்றமையை 2017ஆம் ஆண்டில் ஆய்வாளர் காட்டினர். அதற்கு முன்னரே, 2014ஆம் ஆண்டிற் சிக்காகோப் பல்கலைக்கழகத்தார், கட்டியிலிருந்து வெளிப்படும் டீ.என்.ஏ.யை நிர்ப்பீடனத் தொகுதியின் கிளைக்கலங்கள் உள்வாங்கி, ஸ்டிங் வழியாக விழிப்படைந்து, கட்டியைத் தாக்கும் ரீ வெண்குழியங்களைப் பயிற்றுவிக்கின்றன என்று எலிகளிற் கண்டனர். ஸ்டிங் நீக்கப்பட்ட எலிகளில் இவ்விழிப்பு நிகழவில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை கட்டியை எரிப்பதோடு அமையாது நிர்ப்பீடனத்தையும் எழுப்புவதற்கு இவ்வழியே துணைநிற்கின்றமையும் அதே ஆண்டில் வெளிப்பட்டது.

இத்தகைய அறிவு எங்கிருந்து வந்தது? பயன்வாதிகள் பதிலிறுக்க வேண்டிய முதல் வினா இதுவே. 1957ஆம் ஆண்டில் இலண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் ஆகிய இருவர், ஒரு வைரசு தாக்கிய கலம் மற்றொரு வைரசுக்கு இடந்தர மறுப்பது ஏன் என்று வினவி இன்ரர்பெரோனைக் கண்டனர். அவர்கள் புற்றுநோய் மருந்து தேடவில்லை. 1987ஆம் ஆண்டில் யெரூசலேமிலே பென்சிமன் என்பாரும் அவர்தம் குழுவினரும், வினாகிரி தரும் பற்றீரியாக்களின் இனத்தைச் சேர்ந்த ஒன்று செலுலோசு ஆக்குவது எவ்வாறு என்று ஆராய்ந்து, வளைய வடிவான சிறு மூலக்கூறொன்று அவ்வாக்கத்தை ஆளுகிறதெனக் கண்டனர். வினாகிரிப் பற்றீரியாவின் செலுலோசினாற் புற்றுநோயாளிக்கு யாது பயன் என்று அன்று ஒருவர் வினவியிருப்பின் விடையிறுக்க எவராலும் இயன்றிராது. 2008ஆம் ஆண்டில் மயாமியிற் பார்பரின் ஆய்வுகூடத்தார் ஸ்டிங் புரதத்தை வெளிப்படுத்தினர். 2011இல், பென்சிமன் கண்ட அதே மூலக்கூறு ஸ்டிங்கோடு நேரே பிணைகின்றமையைக் கலிபோர்னியாவின் பேர்க்லியில் உள்ளோர் காட்டினர். 2012ஆம் ஆண்டில் வாந்திபேதியை உண்டாக்கும் பற்றீரியாவில் அதனை ஒத்த மற்றொரு மூலக்கூறு காணப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில், டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரிற் சிஜியான் சென் என்பாரின் குழுவினர், விலங்குக் கலத்தின் சீகாசையும் அதன் தூதான சீகாம்ப்பையும் கண்டறிந்து சங்கிலியின் இறுதிக் கண்ணியைப் பொருத்தினர். இதற்கென 2024ஆம் ஆண்டில் அவருக்கு லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. பற்றீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரசுகளிடமிருந்து தற்காத்துக்கொள்ள இதே முறையைத் தொன்றுதொட்டுக் கைக்கொண்டுள்ளன என்பது 2019இல் உறுதியாயிற்று. சங்கிலியின் கண்ணிகளிற் பெரும்பாலானவை, பயனற்றவை எனத் தள்ளப்படத்தக்க வினாக்களினாலேயே ஆக்கப்பட்டவை.

பயன்வாதம் இதற்கு ஒரு விடை கூறும். ஆய்வுகூடத்தார் காரணத்தைத் தேடுக. மருத்துவம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே அவ்விடை. அவ்வாறு காத்திராது சென்றதன் விளைவு யாது?

நியூசிலாந்தின் ஒக்லண்ட் நகர ஆய்வாளர் உருவாக்கிய டீ.எம்.எக்ஸ்.ஏ.ஏ. என்னும் சேர்வை எலிகளில் வியத்தகு பயன் தந்தது. கட்டிகளின் குருதிக் கலன்கள் இடிந்து வீழ்ந்தன. கட்டிகள் நடுவே கருகின. குருதிக் கலனைத் தகர்க்கும் மருந்து என்று அதற்கொரு வகைப்பெயர் வாய்த்தது. நுணுகி நோக்கின் அப்பெயர் காரணத்தைக் கூறவில்லை. கண்ணாற் கண்ட விளைவுக்கே காரணத்தின் உடையை அணிவித்தது. இச்சேர்வையைக் கலத்தினுள் ஏற்றுக்கொள்ளும் புரதம் யாது என்ற வினா விடையின்றியே கிடந்தது. எனினும் மருந்து முன்னேறியது. 70 பேரளவிலான நுரையீரற் புற்றுநோயாளர் மத்தியில் நடைபெற்ற சோதனையொன்றில், வழக்கமான மருந்துகளோடு இதனையும் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 14 மாதமாகவும் பெறாதோருடையது 8.8 மாதமாகவும் காணப்பட்டன. சிறு தொகையில் எழும் வேறுபாடு தற்செயலாகவும் அமையலாம் என்பது புள்ளிவிபரவியலின் அரிச்சுவடி. ஆயினும் ஆவல் அதனைச் சான்றாக ஏற்றது. பிரித்தானியக் கம்பனியான அன்ரிசோமாவிடமிருந்து உரிமை பெற்ற நோவார்ட்டிஸ், ஏ.எஸ்.ஏ. 404 என்ற பெயரில் இதனைப் பெருஞ்சோதனைக்குக் கொண்டுசென்றது. 1299 நோயாளர் அதிற் சேர்க்கப்பட்டனர். 2010ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தொடர்வதிற் பயனில்லை எனச் சோதனை நிறுத்தப்பட்டது. மருந்து பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 13.4 மாதம், பெறாதோருடையது 12.7 மாதம். இதனை வேறுபாடெனக் கொள்ள இடமிருக்கவில்லை. மற்றொரு பெருஞ்சோதனையும் அதே ஆண்டிற் கைவிடப்பட்டது.

காரணம் பின்னரே வந்தது. 2012ஆம் ஆண்டில், டீ.எம்.எக்ஸ்.ஏ.ஏ. எலியின் கலங்களில் ஸ்டிங் வழியாகவே செயற்படுகிறது என்பது வெளியாயிற்று. 2013இல், அது எலியின் ஸ்டிங் புரதத்தோடு பிணையுமேயன்றி மனிதரின் ஸ்டிங் புரதத்தோடு பிணையமாட்டாது என்பது ஐயந்திரிபற நிறுவப்பட்டது. இரு புரதங்களும் ஒரே தொழிலைச் செய்வன. ஒரு சில அமினோ அமிலங்களின் வேறுபாடே ஒன்றினுள் மருந்தை ஏற்று மற்றொன்றில் மறுத்தது. எலியின் பூட்டுக்கு வெட்டிய திறப்பை மனிதக் கதவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மத்தியிற் செலுத்திப் பார்த்தமையே நிகழ்ந்தது. கதவு திறக்கவில்லை என்பதை அறிய 1299 பேர் தேவைப்பட்டனர். பூட்டு யாதென அறிந்திருப்பின் ஒரு சோதனைக் குழாயே போதியதாயிருக்கும்.

இஃது ஒரு தனி விபத்து என்று கூறித் தப்புதல் இயலாது. டீ.எம்.எக்ஸ்.ஏ.ஏ.யின் முன்னோடியான பிளவோன் அசற்றிக்கமிலம் 1980களில் இதே வழியிற் சென்று எலியில் வென்று மனிதரில் தோற்றது. 1970களில் எலிகளில் இன்ரர்பெரோனைப் பெருக்கியதெனப் போற்றப்பட்ட கார்பொட்சிமீதைல் அக்கிரிடனோன் என்னும் மற்றொரு சேர்வையும் மனிதக் கலங்களிற் செயலற்றுப் போனது. இவ்விரண்டும் எலியின் ஸ்டிங் புரதத்தையே நாடுவன என்பதும் 2013ஆம் ஆண்டிலேயே தெளிவாயிற்று. ஒரே குழியில் மூன்று முறை வீழ்ந்தபின்னரும் குழி எங்குள்ளது என்று கேட்பதை வீண்செலவு எனக் கூறும் தத்துவத்துக்கு அறிவுலகம் யாது பெயர் சூட்டும்?

ஆய்வாளர் எவரையும் நேர்மையற்றோர் எனக் குற்றஞ்சாட்டுதற்கு இங்கு இடமில்லை. ஒக்லண்ட் நகரத்தார் தம் காலத்து அறிவுக்கேற்பக் கவனமாகவே உழைத்தனர். அவர்கள் தொடங்கியபோது ஸ்டிங் என்ற பெயரே பிறந்திருக்கவில்லை. குற்றம் தனிமனிதருடையதன்று; விளைவு கண்டாற் போதும் என்ற கோட்பாட்டினுடையது.

இவ்விடத்திற் பயன்வாதிகள் தம் வலிய படைக்கலத்தை எடுப்பர். 1796ஆம் ஆண்டில் அம்மைப்பால் குத்திய ஜென்னர் வைரசை அறிந்தாரா? 1899இலிருந்து உலகம் விழுங்கிவந்த அஸ்பிரின் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை 1971ஆம் ஆண்டில் ஜோன் வேன் கூறும்வரை நோயாளர் தலைவலியோடு காத்திருந்தனரா? வாதம் கூர்மையானதே. ஆயின் அது வாதிப்போரையே திருப்பித் தாக்குகிறது. ஜென்னர் கண்ட பயன் மனிதரிற் கண்ட பயன். பால் கறக்கும் பெண்கள் பெரியம்மைக்குத் தப்பினர் என்ற அனுபவம் மனித உடலிலிருந்தே எழுந்தது. அஸ்பிரினுக்கு முன்னோடியான வில்லோ மரப்பட்டையும் மனிதரின் காய்ச்சலையே தணித்தது. மனிதரிற் கண்ட பயனை மனிதருக்கே வழங்குகையிற் காரணம் பின்னர் வரினும் கேடில்லை. எலியிற் கண்ட பயனை மனிதருக்குக் கொண்டுவருகையில் நிலைமை அடியோடு மாறுகிறது. அங்கே இரு கரைகளுக்கும் இடையிலுள்ள ஒரே பாலம் காரணமே. எலியில் எதன்வழியே இது நிகழ்ந்தது, அதே வழி மனிதரில் உண்டா என்ற வினாக்களுக்கு விடையின்றி அடுத்த கரையை அடைய முயல்வது பாலமின்றி ஆற்றிற் கால்வைப்பதேயாம். தற்காலப் புற்றுநோய் மருந்துகள் பெரும்பாலும் எலியின் வழியே வருவன. ஆதலின் ஜென்னரின் பெயர் இவர்களுக்குத் துணை செய்யாது.

இனி, காரணம் அறிந்தபின்னர் நிகழ்ந்ததையும் கூறாதுவிடுதல் நேர்மையாகாது. மனிதரின் ஸ்டிங் புரதத்தோடு பிணையும் சேர்வைகள் ஆக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான ஏ.டீ.யூ.-எஸ்100 எலிகளின் கட்டிகளைக் கரைத்தது. 2016ஆம் ஆண்டில் மனிதரிற் பரிசோதனை தொடங்கிற்று. மனிதரிற் கட்டி சுருங்கியோர் மிகச் சிலரே. இதனைக் காட்டி, காரணம் அறிந்தும் பயனில்லையே என்று எள்ளி நகையாடுவோர் உளர். உண்மையில் இங்கேயும் தோற்றது அவசரமே. பொத்தான் எதுவென அறிந்ததும் அதனை அழுத்தினாற் போதும், வலிந்து அழுத்தினால் இன்னும் நன்று என்று கருதப்பட்டது. யார் அதனைக் கேட்கிறார், எவ்வளவு நேரம், எந்த அளவில் என்ற வினாக்கள் மீண்டும் பின்தள்ளப்பட்டன.

அவ்வினாக்களுக்குக் கிடைத்துவரும் விடைகள் சிந்தனைக்குரியவை. கிளைக்கலத்தை எழுப்பும் அதே ஸ்டிங், ரீ வெண்குழியத்தில் மிகையாகத் தூண்டப்படின் அதனைக் கொன்றுவிடுகிறது. படையை எழுப்பும் முரசே படைவீரரை மாய்ப்பதுபோன்றது இது. கட்டிகள் பலவற்றில் சீகாசும் ஸ்டிங்கும் வாயடைக்கப்பட்டுள்ளன. மணியே இல்லாத வீட்டில் மணியை அழுத்துதல் வீண். வேறு கட்டிகளோ ஓயாது ஒலிக்கும் அவ்வெச்சரிக்கைக்குப் பழகி, அதனையே தம் பரவலுக்குத் துணையாக்கிக்கொள்கின்றன என்பதை 2018ஆம் ஆண்டு ஆய்வொன்று புலப்படுத்தியது. 2017ஆம் ஆண்டில் நியூ யோர்க் ஆய்வாளர், எலிகளின் கட்டிக்கு 20 கிரே கதிர்வீச்சை ஒரே முறையிற் கொடுப்பதிலும் 8 கிரேயை மும்முறை கொடுப்பதே நிர்ப்பீடனத்தை எழுப்பியதெனக் கண்டனர். மிகுந்த அளவிற் கதிர்வீச்சுப் பெற்ற கலம், ட்ரெக்ஸ்1 என்னும் நொதியத்தைப் பெருக்கி, குழியவுருவிலுள்ள டீ.என்.ஏ.யைத் துப்புரவாக்கி எச்சரிக்கையை அடக்கிவிடுகிறது. கூடுதலாகக் கொடுத்தமையே குறைவான விழிப்புக்குக் காரணமாயிற்று. இதுவும் எலியிற் கண்டதேயாதலின், மனிதருக்குரிய அளவாக இதனை அப்படியே கொள்ளலாகாது என்பதையும் உடன் கூறுதல் கடமை.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் சான்றுண்டு. ட்ரெக்ஸ்1 பழுதுபட்டுப் பிறக்கும் குழந்தைகளில், தம் சொந்த டீ.என்.ஏ.யின் சிதறல்களே ஓயாத எச்சரிக்கையை எழுப்ப, மூளை அழற்சியுற்று நலிகிறது. ஸ்டிங் புரதத்தில் நேரும் விகாரத்தால் அது நிறுத்தமின்றிச் செயற்படும் குழந்தைகளின் குருதிக் கலன்களும் நுரையீரலும் அழிவதை 2014ஆம் ஆண்டில் மருத்துவர் இனங்கண்டனர். கருவினுள் இருக்கும் சீகாஸ் தன் சொந்த நிறமூர்த்தங்களைக் கண்டு ஆர்ப்பரியாதிருக்க, அங்குள்ள புரதக் கட்டமைப்போடு அது பிணித்து வைக்கப்பட்டுள்ளது என்பதும் 2020இல் தெளிவாயிற்று. உணர்தலுக்குச் செலவிட்ட அளவுக்கு அடக்குதலுக்கும் இயற்கை ஏற்பாடு செய்துள்ளமையை இவை காட்டுகின்றன.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து, நிர்ப்பீடனத்தைப் பெருக்கத்தக்க ஒரு சக்தி என்று பேசும் வழக்கு எத்துணைப் பேதைமை என்பது விளங்கும். கஞ்சிமாவிலிருந்து கசாயம்வரை நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்குவதாகக் கூறும் விளம்பரங்கள் தமிழ்ப் பத்திரிகைகளின் பக்கங்களை நிரப்புகின்றன. சாமானிய மக்களை ஏய்க்கும் அவ்விளம்பரமும், ஸ்டிங்கை வலிந்து தூண்டினாற் புற்றுநோய் ஒழியும் என்ற கம்பனிக் கணக்கும் ஒரே சிந்தனையின் இரு உருவங்களே. நிர்ப்பீடனம் அளவிற் கூட்டிக் குறைக்கும் சரக்கன்று. எங்கே, எப்போது, எவ்வளவு என்று ஆராயும் தீர்ப்பு அது. நீதிமன்றத்திற் குரலை உயர்த்துவதால் நீதி பெருகிவிடுவதில்லை.

நோயாளி காத்திருக்கமாட்டார் என்ற முதல் வாதத்துக்கு மீள்வோம். உண்மைதான், நோயாளி காத்திருக்கமாட்டார். ஆதலினாலேயே அவருடைய காலத்தை வீணாக்க எவருக்கும் உரிமையில்லை. புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் உள்ளவர் ஒரு சோதனைக்குத் தம்மை ஒப்புக்கொடுக்கும்போது, எஞ்சிய மாதங்களில் ஒரு பகுதியையும் எஞ்சிய நம்பிக்கையின் பெரும்பகுதியையும் கொடுக்கிறார். அக்கொடைக்கு ஈடாக, கொடுக்கப்படும் மருந்து மனிதக் கலத்திற் பற்றுவதற்கு ஓரிடமாவது உண்டு என்ற உறுதியைப் பெறுதல் அவருடைய உரிமை. நோயின் முதலை நாடியபின்னரே மருந்தை நாடுக என்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்த அறம். அவ்வறத்தைக் காலங்கடத்தும் தந்திரம் எனப் பழிப்போர், காலத்தை உண்மையிற் கடத்தியோர் யாவர் என்பதற்கு 2010ஆம் ஆண்டின் கணக்கைப் புரட்டிப் பார்ப்பாராக.

எனவே, எலியிற் பயன் கண்ட எச்சேர்வையும் அதனை ஏற்கும் புரதம் மனிதரில் எதுவெனக் காட்டப்படாமற் பெருஞ்சோதனைக்குச் செல்லலாகாது என்பதை மருத்துவ உலகம் விதியாகக் கொள்ளல் வேண்டும். பல்கலைக்கழகங்களோ, எவ்வாறு என்று வினவும் ஆய்வை உடனடிப் பயன் என்ற கத்தரிக்கோலுக்கு இரையாக்காது காத்தல் வேண்டும். வினாகிரிப் பற்றீரியாவை ஆராய்ந்தவருக்கு நிதி மறுக்கப்பட்டிருப்பின், எலியின் பூட்டையும் மனிதரின் பூட்டையும் வேறுபடுத்தி அறிவதற்கு உதவிய ஒரு முதற்படி இல்லாது போயிருக்கும். அந்நிதியை வீண் என்று எழுதிய பேனா, எத்தனை நோயாளரின் கதவை அடைத்தது என்பதை எக்கணக்குப் புத்தகமும் காட்டியிராது. காட்டப்படாத அவ்விழப்பையும் சேர்த்துக் கணக்கிடக் கற்காதவரை, பயனைப்பற்றிப் பேசும் தகுதி பயன்வாதத்துக்கு இல்லை.